எண்ணெய் தேய்த்துக்கொண்ட மெஷின்

போன வியாழக்கிழமை ஒருவர் என் வலது கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

பிறகு கையை விட்டுவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டு ஹமீது மரைக்காயர் சைகோனில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வேர்த்தால் அவருக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பும். அதனால் அவர் கூடவே கப்பலில் ஒரு ஏர்கண்டிஷன் மெஷினும் வந்தது. முன்பக்கம் அவர் படுக்கிற அறையில். பின்பக்கம்? ஜன்னலுக்கு வெளியே, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் — என் பக்கவாசலுக்கு நேர் எதிரே. குளிர் அவருக்கு, அனல் எனக்கு.

பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் நான் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். வாசலுக்கு எதிரே அப்படி ஒன்று உறுமிக்கொண்டிருந்தால் சும்மா இருப்பேனா? வெடித்தால்? சொட்டுகிற தண்ணீர் என் சுவரில் இறங்கினால்? நான் பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடத்தில் செர்த்திபிக்கா பரீட்சைக்கு முன்னாலேயே நின்றுபோனவன். எனக்கு யார் விளக்கிச் சொல்வார்கள்?

மெஷினைப் பார்த்துக்கொள்ள மாதம் ஒரு தடவை பக்கத்து விழிதியூரிலிருந்து தனராசு வருவார். ஐஸ் பாக்டரியில் வேலை கற்றவர். மரைக்காயர் வீடு, ஒரு டாக்டர் வீடு, ஒரு மருந்துக் கடை — இந்த மூன்று இடம்தான் அவர் பிழைப்பு. மரைக்காயர் வேண்டாமென்றால் மற்ற இருவரும் வேண்டாமென்பார்கள். ஊர் அப்படி.

அவர் செய்கிற வேலையைப் பக்கவாசலில் நின்று பார்ப்பேன். முதலில் சுவிட்சை நிறுத்துவார். அடியில் சேர்ந்த இலை, காக்கை கொண்டு வந்த குச்சி எல்லாவற்றையும் எடுப்பார். மெல்லிய தகடு தகடாக இருக்கிற இடத்தில் மேலிருந்து கீழாக பிரஷ் போடுவார். பிறகு பையிலிருந்து எடுப்பார் பாருங்கள்... ஒரு பேன் சீப்பு. வளைந்த தகடுகளை அதை வைத்து நிமிர்த்துவார். மெஷினுக்குப் பேன் பார்க்கிறவரை எப்படி நம்புவது?

இன்னொன்றும் கவனித்தேன். வரும்போது பை தட்டையாக இருக்கும். போகும்போது உப்பியிருக்கும்.

ஒருநாள் கேட்டேன்: "ஏம்ப்பா, உப்புக்காத்து அரிக்காதா? மேல ஒரு சாக்காவது போடலாமே?"

"மூக்கைப் பொத்துனா மூச்சு விடுமாண்ணே? ஒண்ணும் போடாதீங்க, எதையும் பூசாதீங்க. அழுக்கு இல்லாம இருந்தாப் போதும்."

பூசக் கூடாதாம். காரைக்காலில் இருந்துகொண்டு! இங்கே சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கிறோமோ இல்லையோ, இரும்புக்கு வைத்துவிடுவோம். ஜன்னல் கம்பி, டிரங்குப் பெட்டி, சைக்கிள் — எதையும் எண்ணெய் இல்லாமல் விட்டால் கடல் காற்று தின்றுவிடும். இது தெரியாதவரா? தெரிந்தேதான் சொல்கிறார். துருப்பிடிக்கட்டும், கெட்டுப் போகட்டும், நமக்கு வேலை வரட்டும் — என்று நானே முடிவு கட்டினேன்.

மரைக்காயர் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போது மெஷினை நிறுத்திவிட்டுப் போவார். அந்த நேரத்தில் நான் கிண்ணத்தோடு சந்தில் இறங்கினேன். தேங்காய் எண்ணெய், எறும்பு வராமலிருக்கக் கொஞ்சம் கற்பூரம். இது என் சொந்தக் கலவை. கோழி இறகால் தகடு தகடாகத் தடவினேன். நான்கு வெள்ளிக்கிழமை. நல்லது செய்கிறோம் என்று மனம் குளிர்ந்தது.

கூடவே மரைக்காயர் காதில், "அந்த ஆளு கிட்ட ஒரு கண்ணு வச்சிக்கிங்க மாமா" என்றும் போட்டு வைத்தேன்.

போன வாரம் மெஷின் நின்றுவிட்டது. சித்திரை வெயில். மரைக்காயருக்குக் கழுத்திலும் முதுகிலும் கொப்புளம். சட்டை போட முடியாமல், விசிறியோடு சந்தில் வந்து நின்றார்.

"மிஷினு மவுத்தாப் போச்சா?" என்றார்.

தனராசு பின்பக்கத்தைத் திறந்தார். தகடுகளே தெரியவில்லை. மெத்தை தைத்துப் போட்டதுபோல வெள்ளையாக இலவம் பஞ்சு. என் வீட்டுக் கொல்லை மரத்தில் காய் வெடித்துப் பறந்த பஞ்சுதான்.

"பஞ்சு வந்தா தட்டிடலாம் மாமா. இது ஒட்டிக்கிட்டு இருக்கு. யாரோ எண்ணெய் பூசியிருக்காங்க."

"மிஷின்ல கைய வைக்கிறவன் நீ ஒருத்தன்தானே?" மரைக்காயர் குரல் ஏறியது. "தம்பி அப்பவே சொன்னுச்சு. நான்தான் கேக்கல."

தம்பி என்றால் நான். அந்தத் தம்பி அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன் — "பையையும் பாத்துடலாமே மாமா."

தனராசு என்னைப் பார்த்தார். பையை அப்படியே கவிழ்த்தார். பிரஷ், பேன் சீப்பு, ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலம் பிரிந்து வாடா உருண்டது — நம் ஊரில் இறால் வைத்துப் பொரிக்கிற வாடாதான்.

கதவுக்குப் பின்னாலிருந்து மரைக்காயர் வீட்டு மாமியின் குரல்: "நான்தான் கொடுத்தேன், அவரு புள்ளைவொளுக்கு. எப்ப வந்தாலும் கொடுக்குறதுதான். அதுலயும் எண்ணெய் இருக்கு, பாத்துக்கிங்க."

பையில் ஒன்றுமில்லை என்றாலும் எண்ணெய்க்கு ஆள் வேண்டுமே. "நாளையிலேருந்து நீ வர வேணாம்ப்பா" என்றார் மரைக்காயர், முதுகைச் சொறிந்துகொண்டே.

தனராசு ஒரு துணுக்குப் பஞ்சைக் கிள்ளி முகர்ந்தார். சீப்பை எடுத்துக் கொடுக்கலாமென்று நான் கை நீட்டினேன். காலையில்தான் சைக்கிளுக்கு அதே கற்பூர எண்ணெய் போட்டிருந்தேன். அவர் சீப்பை வாங்கவில்லை. என் கையைப் பிடித்தார். முகர்ந்தார். விட்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து வாடாவை ஒவ்வொன்றாக ஊதிப் பொட்டலத்தில் வைத்தார். பையைத் தோளில் மாட்டினார். சந்து முனைவரை போய்விட்டார்.

"தனராசு, நில்லுங்க" என்றேன். முதல் தடவையாக 'ங்க' போட்டேன். "மாமா, பூசுனது நான்தான். நாலு வாரமா."

மரைக்காயர் விசிறுவதை நிறுத்தினார். "நீயா?"

"துருப்பிடிக்கக் கூடாதுன்னு..."

"என் முதுகைப் பாரு" என்றார். திரும்பிக் காட்டினார். அதற்குமேல் அவர் திட்ட வேண்டியிருக்கவில்லை.

தனராசு திரும்பி வந்தார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "எண்ணெய் தேச்சிட்டீங்க, நீங்களே குளிப்பாட்டுங்கண்ணே. வெந்நியும் சோப்பும் எடுத்தாங்க."

சாயங்காலம்வரை ஒவ்வொரு தகடாக நான்தான் தேய்த்தேன். பேன் சீப்பையும் என்னிடமே கொடுத்தார். அசர் தொழுகைக்குப் பிறகு மெஷின் உறுமியது. இத்தனை நாள் என் தூக்கத்தைக் கெடுத்த சத்தம்... அன்றைக்குக் காதுக்கு இதமாக இருந்தது.

எல்லோரையும் சந்தேகப்படுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தன்னை மட்டும் சோதனை போட நேரமே கிடைக்காது.

நேற்று தனராசு வந்திருந்தார். மெஷின் பக்கம் போகவில்லை. நேரே என் வாசலுக்கு வந்து, "கையைக் காட்டுங்கண்ணே" என்றார்.

காட்டினேன்.