தறி நின்றால் எழுகிறவள்

சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி, தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாலும் சரி, தறி ஒன்று நின்றால் ஜெயபாரதி எழுந்துவிடுவாள். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தால் விசைத்தறி தானாக நின்றுவிடும். எட்டுத் தறி ஓடும் குடோனில் ஒன்று நின்றது வெளியாளுக்குத் தெரியாது. அவளுக்கோ முதுகில் யாரோ தட்டினாற்போல இருக்கும். போய் நாடாவை மாற்றிவிட்டு வந்துதான் அடுத்த கவளம். "பொறந்த ஊடும் தறி, வந்த ஊடும் தறிங்க. உக்காந்து தின்னே பழக்கமில்லை" என்பாள்.

பல்லடத்துக்கு வெளியே, தோட்டத்து நடுவில் தனி வீடு. ஒரே சுவர்தான், அந்தப் பக்கம் தறிக்குடோன், இந்தப் பக்கம் அவளும் கணவனும் மாமியாரும். பகலில் அவளுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை. பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருவாள். "சீட்டுல முள்ளுக் கெடக்குதா அம்முணி?" என்று கண்டக்டர் தினமும் கேட்பார்.

மேனேஜராக வேண்டுமென்றால் முதுகலைப் பட்டம் வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்தபடியே எம்.பி.ஏ. சேர்ந்தாள். கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு அங்கேயே கம்ப்யூட்டர் லேப் உண்டு. வீட்டிலிருந்து பரீட்சை எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். பழைய லேப்டாப்புக்கு மெமரி கூட்டினாள். பரீட்சையைக் கண்காணிக்கக் கேமரா, மைக் வாங்கினாள். கரண்ட் போனாலும் இணையம் அறுந்துபோகாமலிருக்க வழி செய்தாள். அமைதியான அறை வேண்டும் என்றும் பரீட்சை விதிகளில் போட்டிருந்தது. அது நம்மிடம் இருக்கிறதே என்று தாண்டிப் போனாள்.

ஒத்திகைப் பரீட்சையில், பின்னால் சத்தம் கேட்கிறது என்று திரையில் சிவப்பெழுத்து வந்தது. உதவி எண்ணுக்கு அடித்தாள். அங்கே என்ன இடிக்கிறார்கள் என்று கேட்டாள் எடுத்த பெண்.

"இங்க ஒரு சத்தமும் இல்லீங்களே" என்றாள் ஜெயபாரதி, பொய்யாக அல்ல, உண்மையென்று நம்பித்தான். சுவருக்கு அப்பால் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன.

மாமியார் தெய்வாத்தாளுக்கும் புரியவில்லை. "தறி ஓடறதெல்லாம் ஒரு சத்தமா கண்ணு?"

பரீட்சையின்போது மூன்றுமுறை எச்சரிக்கை வந்தால் கேள்வித்தாள் மூடிக்கொள்ளும். அந்தப் பருவமே வீண். கணவன் வேல்குமார் ஊர் நோம்பி நாளில்கூட மனசில்லாமல் தறியை நிறுத்துகிறவன். குடோனுக்கும் வாசலுக்குமாக நடந்தான். பிறகு, "நீ எழுது. நான் நிறுத்திக்கறேன்" என்றான்.

முதல் பரீட்சை. கேள்விகள் திறந்தன. வீடு மூச்சடங்கிக் கிடந்தது. படித்ததெல்லாம் தறி ஓட ஓடப் படித்தது; இந்த அமைதியில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எல்லாத் தறியும் நின்றுகிடக்கிறதே என்று உடம்பு பதறியது. தன்னையறியாமல் எழுந்துவிட்டாள். முகத்தைக் காணோம் என்றது திரை. உட்கார்ந்தாள். இரண்டு கேள்வி தாண்டுவதற்குள் மறுபடியும் எழுந்தாள். இன்னொரு எச்சரிக்கை. இனி ஒன்றுதான் பாக்கி. இடக்கையால் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மேலே எழ முடியாத தவிப்பு காலுக்கு இறங்கியது. பாதம் தரையில் தட்டாமல், தறி ஓடும் அதே வேகத்தில் ஆடத் தொடங்கியது. அதன்பிறகுதான் விடைகள் வந்தன.

இப்போது மூன்றாம் பருவம். பரீட்சை நாளில் வேல்குமார் எட்டுத் தறியையும் நிறுத்துகிறான். மேசைக்கடியில், கேமராவுக்குத் தெரியாமல், அவளுடைய வலது கால் ஓடிக்கொண்டிருக்கிறது.