இராசையா அண்ணையின் இரண்டு நெஞ்சுகள்

சத்திரசிகிச்சைக்கு முன் ஆளைச் சோதித்து அனுப்பும் கிளினிக்கில் வேலை செய்தால், வன்னியில் நெஞ்சு வருத்தம் எப்போதும் பக்கத்து வீட்டாருக்குத்தான் வரும் என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொள்ளலாம். கிளினிக் வாங்குப் பலகையில் காத்திருந்து இடுப்பு நொந்தவர்களே, மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நேர்ஸுக்கும் இடுப்பு உண்டு. ஒரு கண்டாவளைக்காரர் எனக்குத் தந்த நோவை மட்டும் சொல்கிறேன்.

படி ஏறும் கேள்வி

இராசையா அண்ணை கமக்காரர், நெல் வயல் செய்கிறவர். ஹேர்னியாவுக்கு ஒப்பரேசன் செய்ய வந்தார். அரிவு வெட்டுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய அவசரம். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று, எல்லோரிடமும் கேட்பதுபோல, கேட்டேன். இல்லவே இல்லை என்றார். டொக்டர் அவருடைய நெஞ்சில் வைத்த குழாயை நெடுநேரம் எடுக்கவில்லை. உள்ளே ஓர் இரைச்சல் கேட்டிருக்கிறது. இதயத்தின் வாசல் வால்வு சுருங்கினால் கேட்கும் இரைச்சல் அது. எக்கோ என்ற இதய ஸ்கான் பார்க்காமல் விறைப்பு ஊசி போட்டால், இரத்த அழுத்தம் இறங்கும்போது அந்த இதயம் ஈடுகொடுக்காது, மேசையிலேயே உயிர் போகலாம் என்று விளங்கப்படுத்தினார்.

அப்போதுதான் இராசையா அண்ணையின் மனைவி பூமணி அக்கா வாய் திறந்தார். வயலுக்குப் போகிற வழியில் ஒவ்வொரு மரத்தடியிலும் இருந்து இருந்துதான் இவர் போவாராம். பிறகேன் இல்லை என்றீர்கள் என்று கேட்டேன். இராசையா அண்ணை நிதானமாகச் சொன்னார்:

"எங்கட பக்கம் மாடி எங்க இருக்கு, மிஸ்ஸி? ஏறினாத்தானே இளைக்கிறதுக்கு."

வடிவான எக்கோ

எக்கோ முடிவு வந்தது. இளந்தாரியின் இதயம் மாதிரி, வால்வில் ஒரு குறையும் இல்லை. ஒப்பரேசனுக்கு நாள் குறிக்கலாம் என்று பூமணி அக்கா உடனே பஞ்சாங்கம் பற்றிப் பேசத் தொடங்கினார். டொக்டர் மட்டும் மறுபடியும் குழாயை வைத்தார். அதே இரைச்சல்.

எக்கோ எடுத்தவர் இடது பக்கம் சரிந்து படுக்கச் சொன்னாரா என்று டொக்டர் கேட்டார்; எக்கோவுக்கு அப்படித்தான் படுக்கவைப்பார்கள். இராசையா அண்ணை மனைவியைப் பார்த்தார். பூமணி அக்கா மின்விசிறியைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வெளியே வந்தது. எக்கோவுக்குக் கொடுத்த நாளில்தான் இவர்களுடைய வயலுக்குத் தண்ணி முறை. நெல் கதிர் தள்ளப் போகும் குடலைப் பருவத்தில் நிற்கிறது. முறையை விட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். அதனால் கிளினிக் அட்டையைக் கொடுத்துத் தம்பியை அனுப்பியிருக்கிறார்.

"ஒரு வயித்துப் பிள்ளையள்தானே, டொக்டர். அவன்ர நெஞ்சில இல்லாதது என்ர நெஞ்சில எப்பிடி வரும்?"

மேலும் கீழும்

இரண்டாம் எக்கோவுக்கு அவரே போனார். பூமணி அக்கா கூடவே காவலுக்குப் போனார். வால்வு மோசமாகச் சுருங்கியிருந்தது. முதலில் வால்வு, பிறகுதான் ஹேர்னியா என்றார் டொக்டர். ஹேர்னியா கல்லுப்போல இறுகினாலோ சத்தி, வாந்தி என்று வந்தாலோ தண்ணி முறை என்றும் பாராமல் ஓடிவர வேண்டும் என்றும் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இராசையா அண்ணைக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. போகும்போது என்னிடம் முறையிட்டார்:

"நான் கீழ நோகுதெண்டு வந்தனான். நீங்கள் மேல கிண்டுறியள்."

சத்தம்

அடுத்த போகத்தில் திரும்பி வந்தார், நெஞ்சில் உலோக வால்வுடன். இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் குளிசையை எப்போது நிறுத்துவது, இடையில் எந்த ஊசி போடுவது என்பதையெல்லாம் டொக்டர்மார் கூடிப் பேசியே ஹேர்னியாவுக்கு நாள் வைத்தார்கள். ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் பெயர், ஊர், வயது எல்லாம் கேட்டேன். பிறகும் மனம் ஆறாமல் முகத்தை உற்றுப் பார்த்தேன். பூமணி அக்காவுக்கு அது விளங்கிவிட்டது.

"பயப்பிடாதேங்கோ மிஸ்ஸி, இனி ஆள் மாறேலாது. கிட்டக் காது வைச்சுப் பாருங்கோ, மணிக்கூடு மாதிரி அடிக்கும்."

காது வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். ஏனென்றால் எங்கள் நோயாளிகள் பொய் சொல்வதில்லை, உண்மையைத்தான் சில வேளை வேறொருவரிடம் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள்.