கேள்வி ஒத்திகை

பிள்ளைகள் வகுப்பில் தாமாகக் கேள்வி கேட்டால்தான் எங்கள் ஸ்ரீரங்கம் பள்ளியை ஹைஸ்கூலாக உயர்த்தச் சிபாரிசு செய்வேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் தலைமையாசிரியை நேற்றே என் எட்டாம் வகுப்பில் சிலருக்கு மட்டும் ஆளுக்கொரு கேள்வி கொடுத்து ஒத்திகை பார்த்துவிட்டார்.

இன்று இன்ஸ்பெக்டர் வந்தார். மழை எப்படிப் பெய்கிறது என்று நான் பாடம் நடத்த, கேள்விகள் வரிசை தவறாமல் வந்தன. அவருக்குப் பரம திருப்தி.

கடைசியில் பங்கஜம் எழுந்தாள். அவளுக்கு யாரும் கேள்வி கொடுக்கவில்லை.

“டீச்சர், நேத்திக்குக் கேட்டதையே இன்னிக்கும் ஏன் கேக்கறோம்?”

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

“மறக்காம இருக்கத்தாம்மா” என்றேன்.

“பேஷ், இதுதாங்க முறை” என்றார் இன்ஸ்பெக்டர். “பாலக்கரை ஸ்கூல் டீச்சர்களை நாளைக்கே அனுப்பறேன். வந்து பார்க்கட்டும். அப்புறம் உங்க சிபாரிசை எழுதறேன்.”

அவர் போனதும் தலைமையாசிரியை பங்கஜத்தைக் கூப்பிட்டார். “நாளைக்கும் அதையே கேளும்மா.”

“பதில்தான் தெரிஞ்சுபோச்சே டீச்சர். இனிமே எதுக்குக் கேக்கணும்?” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் சொன்ன பதிலை அந்த அறையில் நம்பாதவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

அந்தப் பதில் இன்னும் தெரியாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், நாளை ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள்.