அளக்காமல் உள்ளே விட்டது

காலையில் கம்பெனி பஸ் ஜூஜுவாடி சோதனைச்சாவடி நெரிசலில் நின்றிருந்தபோது மொபைலில் எச்சரிக்கை வந்தது. எங்கள் ஆலை மெஷின்களுக்கான சாஃப்ட்வேரில் போன வாரம் நான் இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்த இலவச நிரல் பேக்கேஜ் போலியாம். பெயரும் விளக்கமும் அசலைப் போலவே இருந்தன. உள்ளே இருந்தது பாஸ்வேர்டு திருடும் வேலை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்ஷன் பிரிவு மஞ்சுளா அக்காவிடம் சொன்னேன்.

"ஒரு போல்ட் வந்தாலே நாங்க அளந்து பாத்துட்டுதான் உள்ள விடறோம். இத யாருப்பா பாத்தது?"

"யாரும் பாக்கலக்கா. நெறைய பேரு எடுத்திருந்தாங்க, நானும் எடுத்தேன்."

"அப்ப இப்ப மெஷினு யாரு சொல்றதக் கேக்குது?"

மெஷின்களின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சொல்ல ஆலைக்கு ஏழு முறை அழைத்துவிட்டேன், யாரும் எடுக்கவில்லை. பஸ்ஸும் நகரவில்லை.

அளக்காமல் உள்ளே விட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் வேறு யாராவது இருந்தால் கை தூக்குங்கள். நான் ஒரு கையைத் தூக்கிவிட்டேன், இன்னொரு கையில் எட்டாவது அழைப்பு போய்க்கொண்டிருக்கிறது.