மச்சான் வெட்டாத கரை

மகாரியோ பொய் சொல்கிறான் என்று ஊர் முடிவு கட்டி ஆறு வருஷம் ஆகிவிட்டது. மெக்சிகோவின் ஒவாகா மலையில் மேகம் இறங்கும் உயரத்திலிருந்த அந்த ஊரில், மேல் ஓடைத் தவளையைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். பச்சை உடம்பு, செம்பு நிறக் கண். மற்றபடி காப்பியும் சோளமும் போட்டு, அதிகம் பேசாமல் ஐம்பதைத் தாண்டியவன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். மேல் காட்டை வெட்டிக் காப்பி போடலாமா என்று கை தூக்கப் போகிறார்கள். அதற்கு முன் நகரத்து ஆராய்ச்சிக்காரி தவளையைப் பார்த்துவிட்டால் காட்டை விட்டுவிடலாம் என்பது பேச்சு.

விருந்தாளி வருமுன் வீட்டுக்கு ஓர் ஆள் கூடி, ஆளுக்கொரு பங்காக இடத்தைச் சுத்தம் செய்வது ஊர் வழக்கம். வெள்ளிக்கிழமை தன் வீட்டுக்கு மகனை அனுப்பியிருந்த மகாரியோ கொல்லையிலிருந்து ஓடைக்கு வந்தபோது வேலை முடிந்திருந்தது. தண்ணீர்மேல் சாய்ந்திருந்த செடிகளை வெட்டி அடுக்கியிருந்தார்கள். அந்த இலைகளில்தான் தவளை முட்டையிடும்.

"எப்படி, கண்ணாடி மாதிரி இல்ல?" என்றார் ஊர்த்தலைவர் ஃபௌஸ்டினோ.

"தவளை எங்கண்ணே உக்காரும்?"

"கல்லு கெடக்கே. உன் தவளைக்கு நாற்காலியா போடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். விருந்தாளிக்கு மரியாதை செய்ததாகத்தான் அவர்கள் உண்மையாகவே நினைத்தார்கள்.

சனிக்கிழமை ஆராய்ச்சிக்காரியும் அவனும் வெளிச்சம் மங்கும்வரை தேடினார்கள். ஒன்றுமில்லை. ஓடை திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு துண்டுக் கரை புதராகக் கிடந்தது.

"இது யாரோட பங்கு?"

"என் மச்சான் எலிஹியோவோடதும்மா. வேலைக்கு வரல."

அவள் ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் முட்டைக் கொத்து. பக்கத்து இலையில் அது உட்கார்ந்திருந்தது.

மறுநாள் கூட்டத்தில் வெட்ட வேண்டாம் என்று நான்கு கைகள் கூடுதலாக எழுந்து காடு தப்பியது. அடுத்து எலிஹியோவின் விவகாரம்: பொதுவேலைக்கு வராததற்கு ஊர்க் காவல் அறையில் ஒரு நாள் அடைப்பு.

"அவன் வந்திருந்தா தவளையே இருந்திருக்காது," என்றான் மகாரியோ, எழுந்து நின்று.

"அது வேற, இது வேற," என்றார் ஃபௌஸ்டினோ.

காவல் அறை வாசல்வரை மகாரியோ கூடவே நடந்தான்.

"அத்தான், நான் மட்டும் அன்னிக்கு அரிவாளத் தூக்கியிருந்தா நீ இன்னிக்கும் பொய்யன்தான். ஒரு நன்றி சொன்னா வாய் வலிக்குமா?"

"தவளைக்காகவா நீ வராம இருந்த?"

எலிஹியோ யோசித்தான்.

"தூக்கம் வந்துச்சு," என்று ஒப்புக்கொண்டு, தாழ்ந்த கதவுக்குள் குனிந்து நுழைந்தான்.