கோட்டுப் பையில் பதினோரு நகர்வுகள்

என் பெரியம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் 'மடிப்பம்மா'. அவர் மடித்த விரிப்புகளை எண்பதாக அடுக்கினாலும் ஓரம் சுவர் மாதிரி நேராக நிற்கும்.

சதுரங்கமும் அப்படித்தான் ஆடுவார். பெரிய சலவை இயந்திரம் ஒரு சுற்று முடிக்க நாற்பத்தெட்டு நிமிடம் ஆகும். அதுவரை சும்மா இருக்கப் பிடிக்காமல் கொதிகலன் பார்க்கும் அண்ணனிடம் கற்றுக்கொண்ட ஆட்டம். எதிராளி எதை நகர்த்தினாலும் பெரியம்மாவின் ஆரம்பம் மாறாது. குதிரைகள் வெளியே, பிஷப் வெளியே, ராஜாவுக்குக் கோட்டை. "முதல்ல துணியைப் பிரிச்சு வை, கறையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்.

இந்த ஒரே ஆட்டத்தை வைத்துக்கொண்டு மருத்துவமனை அணியின் நாலாவது நாற்காலியை ஒன்பது வருடம் காப்பாற்றிவிட்டார். வருடத்தில் ஒருநாள் மருத்துவமனைகளுக்கு இடையே போட்டி. அன்று பெயரட்டை குத்திக்கொண்டு யாரோ ஒரு சர்ஜனின் எதிரில் உட்கார்ந்து கை குலுக்குவார். மற்ற நாளெல்லாம் மடித்தது இதற்குத்தான் என்பது போல முகம் இருக்கும்.

இந்த வருடம் புதிதாக வந்த மருந்தாளர் அந்த நாற்காலியைக் கேட்டார். அணித் தலைவரான ஆம்புலன்ஸ் டிரைவர் தீர்ப்புச் சொன்னார்: வெள்ளிக்கிழமை மதியம் ஒரே ஆட்டம், ஜெயிக்கிறவருக்கு நாற்காலி.

மருந்தாளர் கம்ப்யூட்டர் ஆள். அணியின் நோட்டிலிருந்து பெரியம்மாவின் பழைய ஆட்டங்களை எல்லாம் அதில் ஏற்றிவிட்டாராம்.

"என் ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் பார்க்குதாமே!" என்று பெரியம்மா சிரித்தார். "பாவம், அதுக்கு வேற வேலை கிடைக்கலையா?"

வேலை கிடைக்காதது எனக்குத்தான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். என் படிப்பு எதற்காவது உதவுகிறது என்று காட்டத் துடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை சாப்பாடு கொண்டுபோனபோது பெரியம்மா சலவைக்கு வந்த கோட்டுகளின் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தார். பையில் எது கிடைத்தாலும் உறையில் போட்டு ஒட்டி, மேலே உடையவரின் விவரம் எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். காதல் கடிதமோ பாதி தின்ற பிஸ்கட்டோ, சலவைக்கூடத்துச் சட்டம் ஒன்றுதான். அன்று ஒரு கோட்டிலிருந்து நாலாக மடித்த தாள் வந்தது.

"என் கை ஈரம். உறையில போட்டு நீயே எழுதுடி, நான் கையெழுத்துப் போடுறேன். படிச்சவ எழுத்து அழகா இருக்கும்ல?"

காலரில் மருந்தகத்தின் எண் தைத்திருந்தது. தாளைப் பிரித்துப் பார்த்தேன். ஏன் பிரித்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதினோரு நகர்வுகள். பெரியம்மா வழக்கமாக ஆடுவதும் அதற்கான பதிலும். பதினோராவதில் வெள்ளை பிஷப், கோட்டைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை வெட்டி உயிரை விடுகிறது. பக்கத்தில் சிவப்பு மையில்: 'மடிப்பம்மா காலி!'

நல்ல பிள்ளையாக உறையை ஒட்டினேன். மாலையில் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து மாற்று மருந்து தேடினேன். மறுநாள் சாப்பாட்டோடு அதையும் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

"பெரியம்மா, இந்தத் தடவை கோட்டை கட்டாதீங்க. கம்ப்யூட்டர் சொல்லுது."

"இத்தனை நாள் வாயைத் திறக்காத கம்ப்யூட்டர் இன்னைக்கு ஏன்டி பேசுது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"உறையைப் பிரிச்சியா?"

"ஒட்டுறதுக்கு முன்னாடிதான்..."

பெரியம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "மூச்! எத்தனை பேர் ரகசியம் என் கை வழியாப் போயிருக்கும்? எல்லாத்தையும் எட்டிப் பார்த்திருந்தா இந்நேரம் இந்த ஆஸ்பத்திரியையே நான்தான்டி நடத்திட்டிருப்பேன்!"

"நாற்காலி போயிடும் பெரியம்மா."

"போனா போகட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, அன்று அவர் மடித்து வைத்த துண்டுகளின் ஓரம் கோணியிருந்தது. அப்படி நான் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை, கேன்டீன் மேசை. ஆளுக்கு முப்பது நிமிடம். மருந்தாளருக்கு வெள்ளைக் காய்கள். ராஜாவின் சிப்பாய் வரை கையைக் கொண்டுபோனவர் தொடாமல் இழுத்துக்கொண்டார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பலகையின் ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார்.

கூட்டம் திகைத்தது. எல்லோரையும்விட அதிகம் திகைத்தவர் அவர்தான். அடுத்து என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. பெரியம்மா வழக்கம்போல ஆடினார். குதிரை, குதிரை, பிஷப், கோட்டை. கோட்டை கட்டியதும் மருந்தாளர் "ஏதோ பொறி!" என்று முணுமுணுத்து ஆறு நிமிடம் யோசித்தார். பெரியம்மா கையைக் கட்டிக்கொண்டு, இயந்திரம் சுற்றி முடிப்பதற்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். கடைசியில் மருந்தாளரின் நேரம் தீர்ந்து, அவர் தோற்றார். டிரைவர் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

"அந்தத் தாளைப் படிச்சீங்கதானே?" என்றார் மருந்தாளர். "உறை மேல எழுத்து ஒருத்தரது, கையெழுத்து இன்னொருத்தரது. ரெண்டு பேர் பார்த்தாச்சுன்னு அதைக் கிழிச்சே போட்டுட்டேன்."

"நான் பார்க்கல சார். இவ பார்த்தா. சொல்ல வந்தா, காதைப் பொத்திக்கிட்டேன்."

கேன்டீன் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று. மறுபடியும் எண்ணினேன்.

"அப்போ... அதே மாதிரி ஆடியிருந்தா?"

"ஆடிப் பார்த்துடலாமே சார்."

காய்களை அடுக்கினார்கள். பதினோராம் நகர்வில் பிஷப் உயிரை விட்டது. பத்தொன்பதில் பெரியம்மாவின் ராஜா விழுந்தார்.

"அடேயப்பா! என்ன வெளுப்பு!" என்று பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்படின்னா நாற்காலி...?"

"அது நோட்டுல ஏறிடுச்சு சார். அழிச்சா கறையாயிடும்."

நாற்காலியை வாங்கித் தந்தது எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவருடைய நேர்மையா, உறை மேல் இருந்த என் எழுத்தா? கேட்டால், "போய் வேலைக்கு மனு போடுடி" என்கிறார்.

அடுத்த வாரம் சலவைக்கு வந்த மருந்தாளரின் கோட்டில் மூன்று பைகளின் வாயும் இறுக்கித் தைக்கப்பட்டிருந்தது. பெரியம்மா தடவிப் பார்த்தார்.

"எல்லா டாக்டரும் இப்படித் தைச்சு அனுப்பினா தேவலை. இஸ்திரி போடச் சுலபம்."