மலைமேல் துள்ளிய கெண்டை

1. கேள்வி வந்த நாள்

"ஏனுங்க ரைட்டரய்யா, நம்ம சாமி கோயிலச் சுத்தி வயலு எங்கீங்க இருக்குது?"

தலைச்சோலையிலிருந்து வந்த செல்லம்மாள், செருப்பைக் கழற்றுமுன்பே இதைக் கேட்டார். அவர் கையிலிருந்த போனில் என் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் முப்பத்தோராண்டு ரைட்டராக இருந்தவன் நான். காலையில் களத்துக்குச் சென்று ஆள்களை எண்ணி, வந்தவர் பெயரைச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பதிவது என் முதல் வேலை. செல்லம்மாள் பெயரையும் பல்லாண்டு எழுதியிருக்கிறேன். ஓய்வுக்குப் பின், இளமை முதல் ஓதிவந்த பதிகங்களுக்குப் பொருள் சொல்லும் சேனல் ஒன்றைத் தொடங்கினேன். பிறகு துணிந்து, மலையுச்சியில் குகைக்குள் கோயில்கொண்ட சேர்வராயன்மீது நானே பத்துப் பாடல்கள் இயற்றினேன். அவற்றுள் முதற்பாட்டைக் கேட்க மட்டும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். "பழம்பாடல் போலவே இருக்கிறது" என்று பலரும் எழுதினர். அதனை அருள் என்றே கொண்டேன்.

செல்லம்மாளின் பஜனைக் குழுவுக்கு அவ்வாண்டு முதன்முறையாகக் கோயில் திருவிழாவில் பாட முறை கிடைத்திருந்தது. என் முதற்பாட்டைத்தான் தேர்ந்திருந்தார்கள். பத்து நாளே இருந்தது.

"பாடிப் பாத்தமுங்க. 'கெண்டைபாய் வயல்சூழும் குன்றில் மேவும்'னு வருது. எங்க ஊட்டுக்காரரு கெடந்து சிரிக்கறாரு. 'மீனு ஏரியில இருந்து பஸ் ஏறி உச்சிக்கு வந்துச்சா'ங்கறாரு. மத்தவிய முன்னால பாடிப்புடலாமுங்க. சாமி முன்னால போயி இல்லாததச் சொல்லலாமுங்களா?"

சமவெளித் தலங்களைப் பாடியவர்கள் தாம் கண்ட வயலையும் மீனையும் பாடினார்கள். என் மலையை நான் அவர்கள் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறேன்.

2. தங்கவேலுவின் கடை

என் வீடியோக்களைத் தொகுத்து ஏற்றித் தருபவர், ஏரிக்கரையில் மொபைல் கடை வைத்திருக்கும் சேலத்துக்காரர் தங்கவேலு. முதற்பாட்டை நீக்கிவிடும்படி சொன்னேன். அவர் கைவேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, உங்க சேனல்ல ஓடுற ஒரே வீடியோ அதுதானுங்க. அத எடுத்தாச் சேனலே படுத்துரும். ஏனுங்க, சாமிக்கு மீனு ஆகாதுங்களா? வேணும்னா புதுசா ஒண்ணு போடுங்க. இது பாட்டுக்கு இது கெடக்கட்டும்."

அவர் சொன்னது எனக்கு இனிக்கவே செய்தது. மூன்று நாள் தயங்கினேன். நான்காம் நாள் காலை, நீராடி வந்து விளக்கேற்றுமுன் கை தானாகப் போனை எடுத்தது. இரவில் யார் என்ன புகழ்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். பூசைக்கு முன் இப்படிப் பார்க்கும் வழக்கம் எந்நாளில் வந்தது என்று எண்ணிப் பார்த்தேன், நினைவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டேன்.

3. உச்சியில் ஒரு முற்பகல்

அங்கே நான் பலமுறை சென்றதுண்டு. ஒவ்வொரு முறையும் வாய் ஏதோ ஒரு பழம்பதிகத்தை ஓதிக்கொண்டிருக்கும். அன்று வாயை மூடி அமர்ந்திருந்தேன். வெட்டவெளி. காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த புல். பனிமூட்டம் கோயிலை மறைப்பதும் விலகுவதுமாக இருந்தது.

செம்மநத்தத்திலிருந்து சிலர் வந்தனர். குகை தாழ்வானது, ஒவ்வொருவராகக் குனிந்து நுழைந்தார்கள். கடைசியாக வந்த மூதாட்டி மட்டும் குனியவில்லை. காபித் தோட்ட வேலையில் அவர் முதுகு முன்பே வளைந்திருந்தது. நடந்து வந்த நிலையிலேயே உள்ளே போய்விட்டார்.

வீடு திரும்பி எழுதினேன்:

குனிந்தன்றிப் புகவொண்ணாக் குகையில் நின்றாய்
கூலிக்குக் குனிந்தமுது கறியா யோநீ

மறுநாள் தலைச்சோலைக்குச் சென்று படித்துக் காட்டினேன். செல்லம்மாள் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இது எங்க முதுகுங்க" என்றார். உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இப்பச் சிரிங்க பாக்கலாம்!" என்று கணவரை அதட்டினார்.

பழைய வீடியோவை நீக்கச் செய்தேன். "உங்க சேனலு, உங்க இஷ்டமுங்க" என்று தங்கவேலு பெருமூச்சு விட்டார். அவர் அஞ்சியபடியே புதிய பாட்டைக் கேட்டவர் மிகச் சிலர். பழம்பாடல் போலவே இருக்கிறது என்று அதன்பின் ஒருவரும் எழுதவில்லை.

வராத ஆளுக்கு வந்ததாக எழுதுவதில்லை என்பது வேலையில் நான் காத்த நெறி. மேஸ்திரிகள் கெஞ்சியபோதும் எழுதியதில்லை. அதே கை, வராத கெண்டைக்கு வருகைப் பதிவு செய்துவிட்டது. அத்தனை காலம் வந்துகொண்டிருந்த முதுகுகளை விட்டுவிட்டது. நாள்தோறும் ஏதேனும் படைத்து வெளியிடும் இளையோர்க்கு என் வேலையிலிருந்து சொல்ல இது ஒன்றே உண்டு: முதலில் களத்துக்குப் போய், நிற்பவரை எண்ணிவிட்டு எழுதுங்கள்.

திருவிழாவில் செல்லம்மாள் குழு பாடி முடித்த பின் நானும் குகைக்குள் சென்றேன். எழுதியே பிழைத்த உடம்பு. எனக்குக் குனிய வேண்டியிருந்தது.